விருந்துக்கு வந்த பொதி

"ஓடுதுங்களே டீச்சர்! நல்லாத்தானே ஓடுது? அப்புறம் எதுக்குத் திருப்பித் தர்றீங்க?"

உலகநாதனின் குரல் கூரை ஓடுவரை போய்த் திரும்பியது.

குரு பெண்டிரைவை அவர் உள்ளங்கையில் வைத்தார். அதன்மேல் ஒரு கடலை மிட்டாயை வைத்தார்.

மடத்தின் வழக்கம் அது. பொதி தேறவில்லை என்றால் காரணம் சொல்லமாட்டார்கள், கடலை மிட்டாய் தருவார்கள். தேறினால் என்ன தருவார்கள் என்பது உலகநாதனுக்கு இன்னும் தெரியாது. அவர் வீட்டுச் சமையலறையில் ஒரு டப்பா நிறைய கடலை மிட்டாய்தான் சேர்ந்திருந்தது.

மடம் என்றதும் காவியும் கமண்டலமும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கொல்லிமலை அடிவாரத்தில் ஓடாமல் கிடந்த ஒரு ஜவ்வரிசி ஆலை அது. அதை வாடகைக்குப் பிடித்துச் சிலபேர் உட்கார்ந்து, 'மருதம்' என்ற பெயரில் ஒரு லினக்ஸ் இயங்குதளத்தைக் கட்டி ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சுற்றுவட்டாரத்துச் சின்ன நூலகங்களில் இருந்த கணினி எல்லாம் மருதத்தில்தான் ஓடின. வேலை நேரத்தில் ஒருவரும் வாயைத் திறக்காததைப் பார்த்து அக்கம்பக்கத்தார் மடம் என்று கேலி செய்தார்கள். கேலி பிடித்துப்போய் அவர்களும் அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள்.

ஒரு மென்பொருள் அடுத்தவர் கணினியில் ஒரே சொடுக்கில் இறங்கி வேலை செய்யும்படி கட்டிக் கொடுத்தால் அதற்குப் பொதி என்று பெயர். வருகிற பொதிகளைச் சோதித்து உள்ளே விடுகிறவர் தில்லைக்கரசி. அவரைத்தான் எல்லாரும் குரு என்றார்கள், உலகநாதனுக்கு டீச்சர். வயது முப்பதுகூட ஆகவில்லை.

சீடர் உலகநாதனுக்கோ ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. சென்னைக் கம்பெனியில் இணையதளம் கட்டியே தலை நரைத்தவர். வேலையை உதறிவிட்டு ராசிபுரம் திரும்பி, 'படிப்பகம்' என்று ஒரு வலைச்செயலி எழுதினார். சின்ன நூலகங்களுக்கானது. பிரவுசரில் திறந்தால் எந்தப் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது என்று தெரியும். படித்தவர்கள் அதைப் பற்றி இரண்டு வரி எழுதியும் வைக்கலாம்.

நல்ல செயலி. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, குருவுக்குமே இல்லை.

ஆனால் ஆடிப் பதினெட்டு அன்று பொழுது சாய்ந்ததும் மருதத்தின் புதுப் பதிப்புக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். அதற்குள் பொதி உள்ளே போனால் எல்லா நூலகத்துக்கும் படிப்பகம் போய்ச் சேரும். போகாவிட்டால் அடுத்த பதிப்புக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். அதுவரை வசுமதியின் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் உலகநாதனுக்குக் கவலை. வசுமதி அவர் மனைவி. வாசலில் இட்லி மாவு விற்று இப்போதைக்குக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருப்பவர்.

"காரணம் சொல்லாம இன்னிக்கு நான் எந்திரிக்க மாட்டனுங்க" என்றார் உலகநாதன். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தேவிட்டார்.

குரு எதிரில் உட்கார்ந்தார்.

"காரணம் சொல்ற வழக்கம் இல்லீங்கண்ணா. கேள்வி வேணும்னா கேக்கறேன்."

"கேளுங்க."

"டேட்டாபேஸ், வெப்சர்வர் எல்லாம் மருதத்துலயே இருக்குது. உங்க பொதிக்குள்ள எதுக்கு இன்னொரு செட்டு?"

"அவங்களுது எப்படி இருக்குமோ, யாருக்குத் தெரியும்? நான் சோதிச்சுப் பாத்தது என்னுதைத்தானுங்க."

"இறங்கினதும் நேரா முதல் பக்கத்துல போய் உக்காந்துக்குதே. அங்க வேற ஏதாச்சும் இருந்துச்சுன்னா?"

"முதல் பக்கத்துல இருந்தாத்தானே வர்றவங்க கண்ணுல படும்?"

"சரி. வேண்டாம்னு எடுத்துட்டா?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல உலகநாதன் நிமிர்ந்தார்.

"வந்த தடமே இருக்காது டீச்சர். ஒரு தூசி மிச்சம் இருக்காது. சுத்தமா போறதுதானுங்களே நாகரிகம்!"

குரு தலையை ஆட்டினார். அதற்குள் உலகநாதனின் போன் அடித்தது.

பேசியவர் ஜெசிந்தா மேரி. ஆலம்பள்ளம் என்ற ஊரின் நூலகர். படிப்பகத்தை நம்பித் தன் கணினியில் போட்டுப் பார்த்த ஒரே நூலகர் அவர்தான்.

"சார், நீங்க அனுப்பின புதுசைப் போட்டேன். எழுத்தெல்லாம் மறுபடி பொடிசாயிருச்சு சார். சாயங்காலம் வர்ற பெரியவங்களுக்குக் கண்ணு தெரியறதில்லைன்னு நான் பெருசு பண்ணி வெச்சிருந்தேன். போன தடவையும் இப்படித்தான் ஆச்சு."

"புதுசு வந்தா அப்படித்தாம்மா. நான் வெச்சதுதான் சரியான அளவு. வேணும்னா நீங்க மறுபடி மாத்திக்கங்க."

போனை வைத்தார். குரு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உலகண்ணா, உங்க வீட்டுல ஒரு ரூம் சும்மா இருக்குமா?"

"இருக்குதுங்க. எதுக்குங்க?"

"வெள்ளிக்கிழமை வர்றேன். கொஞ்ச நாள் தங்கிக்கறேன்."

ராசிபுரம் பஸ்ஸில் இடம் இருந்தும் உலகநாதன் உட்காரவில்லை. குருவே வீடு தேடி வருகிறார் என்றால் எப்படி உட்காரத் தோன்றும்?

"உங்க டீச்சருக்கு என்ன புடிக்கும்?" என்று வீட்டில் கேட்டார் வசுமதி.

"தெரியலயே. கடலை மிட்டாய் புடிக்கும்னு நெனைக்கறேன்."

"அதுதான் டப்பா நெறைய கெடக்குதே. அதையே வெச்சிரலாம்."

&nbsp;

வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் சரக்கேற்றும் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது.

முதலில் இறங்கியது கேஸ் அடுப்பு. அப்புறம் சிலிண்டர். அப்புறம் கிரைண்டர், அரிசி மூட்டை, தண்ணீர் கேன், கட்டில், ஒரு பெரிய பீங்கான் ஜாடி. கடைசியில் உப்புப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குரு இறங்கினார்.

வசுமதி மலைத்துப்போனார்.

"ஏனுங் அம்மிணி, அடுப்பு எதுக்குங்க? எங்க வீட்டுல இருக்குதுங்களே."

"இருக்கும் அக்கா. உங்க அடுப்பு எப்படி எரியுமோ, யாருக்குத் தெரியும்? நான் எரிச்சுப் பாத்தது இதைத்தான்."

"உப்புமா அப்படி?"

"உப்புந்தான்."

இந்தப் பேச்சை எங்கேயோ கேட்டமாதிரி இருந்தது உலகநாதனுக்கு. யோசிக்க நேரமில்லை. சிலிண்டரைத் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

மத்தியானத்துக்குள் சமையலறையில் இரண்டு அடுப்பு, இரண்டு கிரைண்டர், இரண்டு அரிசி மூட்டை. வசுமதி உள்ளே போக வேண்டுமென்றால் பக்கவாட்டில் நுழைந்து பக்கவாட்டிலேயே வெளியே வர வேண்டியிருந்தது.

சாயங்காலம் மாவு வியாபாரம் தொடங்கும் நேரம். குளித்து முடித்து வாசலுக்கு வந்த வசுமதி அப்படியே நின்றுவிட்டார்.

மாவுத் தூக்கு இருந்த இடத்தில் ஒரு நாற்காலி இருந்தது. நாற்காலியில் குரு இருந்தார். தலைக்குமேல் பெரிய எழுத்தில் ஒரு பலகை: 'தில்லைக்கரசி தங்கியிருக்கிறார்'. மாவுத் தூக்கு கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தது.

கிண்ணத்தோடு வந்த ஒரு பெண் பலகையைப் படித்தார். குழம்பிப்போய்க் கேட்டார்.

"மாவு இல்லீங்களா?"

"தெரியாதுங்களே. நான் தங்கியிருக்கேன்" என்றார் குரு, சிரித்த முகமாக.

அந்தப் பெண் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் போய்விட்டார்கள்.

"அம்மிணி, அது மாவு விக்கற எடமுங்க!"

"வாசல்ல இருந்தாத்தானே அக்கா வர்றவங்க கண்ணுல படுவேன்?"

குருவிடம் வசுமதி அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவரை எப்படிச் சொல்வது? சொல்ல வேண்டியதையெல்லாம் புருஷனிடம் சேர்த்துச் சொன்னார்.

"உங்க டீச்சருக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதா?"

"அவங்க செஞ்சா அதுல ஏதாச்சும் அர்த்தம் இருக்கும் வசு."

"அர்த்தம் இருந்துட்டுப் போகட்டும். எம் மாவு புளிச்சுப்போகுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

மறுநாள் உலகநாதன் மூன்று வேளையும் புளித்த தோசையைத் தின்றார்.

&nbsp;

ஒரு விஷயத்தில் மட்டும் வசுமதிக்கும் குருவுக்கும் ஒத்துப்போனது. அது ஊறுகாய்.

மாங்காய்க் காலம். பெங்களூரில் விடுதியில் தங்கிப் படிக்கிற மகளுக்கு வருடம் முழுக்க ஓடவேண்டிய ஊறுகாயை வசுமதி அந்த வாரம்தான் போடுவதாக இருந்தார். மாங்காயை அரிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் பிசறி, நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்த பிறகுதான் பழைய ஜாடியில் விரிசல் இருப்பதைப் பார்த்தார்.

"என் ஜாடி சும்மாத்தானே இருக்குது அக்கா. இதுல போட்டுக்கங்க" என்றார் குரு.

"உங்களுக்கு வேண்டாமுங்களா?"

"அடுப்பு கொண்டு வந்தேன், கிரைண்டர் கொண்டு வந்தேன். ஊறுகாய் கொண்டு வர மறந்துட்டேனே."

வசுமதிக்கு அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது. ஊறுகாயைக் குருவின் ஜாடியில் போட்டு, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி, வெயில் படும்படி கொல்லையில் வைத்தார்.

ஆனால் அந்தச் சிரிப்பு மறுநாள் விடிகிறவரைக்கும்கூட நிற்கவில்லை.

வசுமதிக்கு வலது கை தோளுக்குமேல் எழும்பாது. வருடக்கணக்காக மாவு அள்ளியதில் வந்த வலி. அதனால் உப்பு, புளி, மிளகாய், எண்ணெய் எல்லாம் கீழ்த்தட்டில் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்திருந்தார். மேல்தட்டில் தீபாவளிக்கு மட்டும் எடுக்கிற பாத்திரங்கள்தான்.

காலையில் எழுந்து பார்த்தால் எல்லாம் மேல்தட்டில் ஏறியிருந்தன. உயர வாரியாக வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் பெயர் ஒட்டி, பார்க்கக் கண்காட்சி மாதிரி இருந்தது. கீழ்த்தட்டில் தீபாவளிப் பாத்திரங்கள் பளபளவென்று உட்கார்ந்திருந்தன.

வசுமதி புருஷனைக் கூப்பிட்டார். உலகநாதன் எல்லாவற்றையும் எடுத்துக் கீழே வைத்துக் கொடுத்தார்.

அடுத்த நாள் காலையில் மறுபடியும் மேலே இருந்தன.

உலகநாதன் மறுபடியும் இறக்கினார். அதற்கடுத்த நாளும் மேலேயே இருந்தன. உப்பு ஜாடியைக் கையில் பிடித்தபடி குருவின் அறைக்குப் போனார். மரியாதை கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தது.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. அவளுக்குக் கை எழும்பாதுங்க. அதனாலதான் கீழ வெச்சிருந்தா. நீங்க தெனமும் மேல ஏத்தி வெச்சீங்கன்னா..."

"இன்னிக்குப் புதுசா அடுக்கினேன். புதுசா அடுக்கினா அப்படித்தாண்ணா. நான் வெச்சதுதான் சரியான எடம். வேணும்னா அக்கா மறுபடி மாத்திக்கட்டும்."

உலகநாதன் கையிலிருந்த உப்பு ஜாடியைப் பார்த்தார்.

இந்த முறை எங்கே கேட்டது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அது அவர் வாயிலிருந்து வந்த பேச்சு. சாயங்காலம் வர்ற பெரியவங்களுக்குக் கண்ணு தெரியறதில்லை சார் என்று ஜெசிந்தா மேரி சொன்ன குரல் காதில் அப்படியே இருந்தது. காரணம் தெரியாமல் உலகநாதன் அப்படிப் பேசவில்லை. காரணத்தைக் கேட்ட பிறகுதான் பேசினார். அதை நினைக்கத்தான் வெட்கமாக இருந்தது.

உப்பு ஜாடியைக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுக் கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் குருவிடம் வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"புரிஞ்சுதுங்க டீச்சர். அடுப்பும் புரிஞ்சுது, வாசலும் புரிஞ்சுது, உப்பு ரொம்ப நல்லாவே புரிஞ்சுது. அவங்க மாத்தி வெச்சதை இனிமே எம் பொதி தொடாது. எல்லாத்தையும் பிரிச்சு எழுதிட்டு இருக்கேன்."

"நல்லதுங்கண்ணா."

"ஆனா ஒண்ணு சொல்லோணும். வேண்டாம்னு எடுத்தா சுத்தமா போறது இருக்குது பாருங்க, அதுல மட்டும் நம்ம பொதியை அடிச்சுக்க ஆளில்லீங்க. அதுல நீங்களே குறை சொல்ல முடியாது."

குரு சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"அப்படீங்களா? அப்போ நாளைக்குக் கெளம்பறேன்."

&nbsp;

குட்டியானை வண்டி மறுபடி வந்தது. அடுப்பு ஏறியது. சிலிண்டர், கிரைண்டர், கட்டில் எல்லாம் ஏறின. வாசலில் இருந்த பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்தார்கள். வசுமதி அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். சத்தமாகச் சொல்லவில்லையே தவிர, அவருக்கு அன்று சந்தோஷம்தான்.

அப்போது ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தார். துடைப்பம் கையிலிருந்து விழுந்தது.

சாக்கடை ஓரத்தில் குரு குந்தியிருந்தார். ஜாடியின் வாய்த்துணி அவிழ்ந்து கிடந்தது. ஜாடி சாய்ந்துகொண்டிருந்தது.

"அம்மிணீ!"

அந்தச் சத்தத்தில் உலகநாதனும் ஓடி வந்தார். அதற்குள் வசுமதி எழும்புகிற கை, எழும்பாத கை இரண்டாலும் ஜாடியைக் கட்டிப் பிடித்திருந்தார்.

"என்னுங் பண்றீங்க நீங்க!"

"கெளம்பறேன் அக்கா. வந்த தடமே இருக்கக்கூடாது. சுத்தமா போறதுதான் நாகரிகம்."

"அதுக்கு ஊறுகாயைக் கொட்டுவீங்களா?"

"என் ஜாடிக்குள்ள இருக்குதே."

"ஜாடி உங்களுதுதான், ஆரு இல்லைன்னா? மாங்கா என்னுது! அரிஞ்சது நானு, பிசறினது நானு, எம் புள்ளைக்குப் போட்டது! வேணும்னா உங்க ஜாடியைக் கழுவித் தர்றேன், எடுத்துட்டுப் போங்க. மாங்காயில கையை வெச்சீங்க, அப்புறம் நான் மனுசியா இருக்கமாட்டேன்!"

குரு ஜாடியை விடவில்லை. வசுமதியின் தோளுக்குமேலே உலகநாதனைப் பார்த்தார்.

உலகநாதன் ஜாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆலம்பள்ளத்தில் ஒரு ஓட்டல் மாஸ்டர் இருக்கிறார். துப்பறியும் நாவல் ஒன்றைப் படித்துவிட்டுப் படிப்பகத்தில் இரண்டு வரி எழுதியிருந்தார்: 'கொலை செய்தது டாக்டர். நான் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன்.' அதற்குக் கீழே, அந்த நாவலைப் பிறகு எடுத்த அத்தனை பேரும் வரிசையாக வந்து அவரைத் திட்டி எழுதியிருந்தார்கள். திட்டுக்குப் பதில், பதிலுக்குத் திட்டு. ஊரே அதைப் படிக்கத்தான் நூலகத்துக்கு வருகிறது என்று ஜெசிந்தா மேரி சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். உலகநாதனும் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

அத்தனையும் உலகநாதனின் பொதி என்ற ஜாடிக்குள் இருந்தது. ஜெசிந்தா மேரி என்றைக்காவது பொதியை வேண்டாம் என்று எடுத்தால் எல்லாவற்றையும் கொட்டிவிடும்படி உலகநாதனே ஒரு நிரல் வரி எழுதி வைத்திருந்தார். பொதியில் அவருக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

"விட்டுருங்க டீச்சர்" என்றார். "விட்டுருங்க. தெரிஞ்சுருச்சு."

குரு ஜாடியை விட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கியதும் வசுமதியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுருங்க அக்கா. உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு காட்ட வேண்டியிருந்துச்சு. உங்களைப் போட்டுப் படுத்திட்டேன்."

வசுமதி குருவைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். இரண்டு பேருமே சரியில்லை என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"அவருக்குக் காட்டறதுக்கு என்னையா படுத்துவீங்க?"

"ஆமாங்க அக்கா. தப்புத்தான்."

"தப்புன்னா சும்மா விட்டுருவனா? இன்னிக்கு சாயங்காலம் மாவு நீங்கதான் விக்கோணும். ஒரு கரண்டி மிச்சமிருக்கக்கூடாது."

குட்டியானை காத்துக்கிடந்தது. குரு பலகையைத் திருப்பிப் பின்பக்கத்தில் 'மாவு இங்கேதான்' என்று எழுதி வாசலில் மாட்டினார். போகிற வருகிறவரையெல்லாம் கூப்பிட்டார். அடுத்த தெருவுக்கே போய், அங்கே மாவு வாங்கப் பழகிவிட்டவர்களைக் கையோடு அழைத்து வந்தார். பொழுது சாய்வதற்குள் தூக்கு காலியானது.

ஜாடி மட்டும் ராசிபுரத்திலேயே தங்கிவிட்டது.

&nbsp;

ஆடிப் பதினெட்டு. மடத்தில் ஒருவரும் பேசவில்லை. விசைப்பலகைகளின் சத்தம் மட்டும் கேட்டது.

உலகநாதன் மத்தியானமே வந்துவிட்டார். ஒரு கையில் பெண்டிரைவ், இன்னொரு கையில் பீங்கான் ஜாடி.

"வசு குடுத்து அனுப்பினா. புள்ளைக்கு வேற ஜாடியில மாத்தி அனுப்பியாச்சு. இதுல கொஞ்சம் உங்களுக்கு. ஜாடியும் உங்களுது, மாங்காயும் உங்களுதுன்னு சொல்லச் சொன்னா."

குரு துணியை அவிழ்த்து முகர்ந்து பார்த்தார். பெண்டிரைவை வாங்கிக்கொண்டார். கணினியில் செருகிப் பொதியை மேலோட்டமாகப் பார்த்தார். போன முறை தூக்க முடியாத பாரமாக இருந்தது இப்போது கைக்குள் அடங்கியிருந்தது.

"ஆலம்பள்ளத்துக்கு அனுப்பிட்டீங்களா?"

"காலையிலயே அனுப்பிட்டனுங்க. போட்டுப் பாத்துட்டுக் கூப்பிடச் சொல்லியிருக்கேன்."

"அப்போ அவங்க சொல்லட்டும்."

மேசை டிராயரைத் திறந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்துப் பெண்டிரைவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

உலகநாதன் அந்த மிட்டாயைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. அறையில் வேறு எதுவுமே கண்ணில் படவில்லை.

வெயில் ஜன்னலிலிருந்து தரைக்கு இறங்கியது. தரையிலிருந்து சுவருக்குப் போனது. பக்கத்து மேசைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து சோம்பல் முறித்தார்கள். குரு கடிகாரத்தைப் பார்த்தார், உலகநாதனைப் பார்க்கவில்லை. மிட்டாய் இருந்த இடத்திலேயே இருந்தது.

போன் அடித்தது.

உலகநாதன் எடுத்த வேகத்தில் போன் ஒருமுறை கீழே விழுந்து எழுந்தது. ஸ்பீக்கரைப் போட்டார்.

"சார், ஜெசிந்தா பேசறேன். புதுசைப் போட்டேன் சார்."

"சொல்லுங்கம்மா."

"என்னத்தைச் சொல்றது? சரியாப் போட்டேனா இல்லையான்னே தெரியல. ஒண்ணுமே ஆகலை சார்."

"ஒண்ணுமேன்னா?"

"மூலையில பதிப்பு நம்பர் மாத்திரம் மாறியிருக்குது. மத்தபடி எழுத்து நான் வெச்ச மாதிரியே பெருசா இருக்குது. முதல் பக்கத்துல பேச்சுப்போட்டி அறிவிப்பு போட்டிருந்தேன், அதுவும் அங்கயேதான் இருக்குது. சரி, தப்பாப் போட்டுட்டோம்போலன்னு எடுத்துட்டு மறுபடியும் போட்டுப் பாத்தேன். அப்பவும் ஓட்டல் மாஸ்டரைத் திட்டினது ஒண்ணுகூடப் போகலை சார். எல்லாம் அப்படியே இருக்குது."

உலகநாதனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஐம்பது வயசு ஆள் மடத்துக்கு நடுவில் மூக்கை உறிஞ்சினார்.

"சார்? லைன்ல இருக்கீங்களா? நான் ஏதாச்சும் தப்புப் பண்ணீட்டனா சார்?"

குரு பொதியை உள்ளே விட்டுவிட்டு மேசைமேல் இருந்த கடலை மிட்டாயை எடுத்தார். தாளைப் பிரித்தார். இரண்டாக உடைத்து, இரண்டு துண்டையும் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார்.